ஹெபடைட்டிஸ் சி-க்கு அரசு ஆஸ்பத்திரியில் இலவச சிகிச்சை: அம்மாவுக்குப் பார்த்த அனுபவம்

பேரணாம்பட்டில் பீடி சுற்றுகிறார் என் அம்மா. கண்புரை ஆபரேஷனுக்காக ரத்தம் எடுத்தபோது, கல்லீரலைப் பாதிக்கிற வைரஸான ஹெபடைட்டிஸ் சி என்று வந்தது. அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் வரிசையில் இருந்த எல்லார் காதிலும் விழும்படி அதைச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். 1994இல் தம்பி பிறந்தபோது அம்மாவுக்கு ரத்தம் ஏற்றியிருந்தார்கள். அப்போதெல்லாம் ரத்தத்தில் இந்த வைரஸைப் பார்க்கிற வழக்கமே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தன் தட்டின் அடியில் நெயில் பாலிஷால் சிவப்புப் புள்ளி வைத்துத் தனியாக எடுத்துவிட்டார். பேரனை மடியில் விடவில்லை. தெருவில் ஆளாளுக்குக் கீழாநெல்லி சொன்னார்கள்.

தேசியத் திட்டம் ஒன்று 2018இலிருந்து இருக்கிறது, அரசில் இலவசம் என்று கேள்விப்பட்டு பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கிற அரசு ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனோம். முதல் டெஸ்ட், வைரஸ் எப்போதாவது உள்ளே வந்ததா என்று மட்டும்தான் காட்டுமாம். இப்போதும் இருக்கிறதா என்று வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்த்தார்கள். இருந்தது. சோஃபோஸ்புவிர், டக்ளடாஸ்விர் என்று இரண்டு மாத்திரை, தினமும் ஒவ்வொன்று, 12 வாரம். ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை.

ஆனால் நான் மறக்காதது அந்த நர்ஸைத்தான். நாற்காலியை அம்மா பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "தட்டு தனியா வச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டார். அம்மா தலையாட்டினார்.

"ஒண்ணா சாப்பிட்டா வராதும்மா. ரத்தம் மூலமாத்தான் பரவும். பிளேடு, ஊசி, நகவெட்டி மாதிரி ரத்தம் படுறதை மட்டும் தனியா வைங்க."

"நான் சுத்துற பீடியில ஒட்டிக்குமா?"

"ஒட்டாது."

அன்றைக்குத்தான் அம்மா அழுதார்.

குறை என்றால் அலைச்சல்தான். வைரல் லோடு ரிசல்ட் வர வாரக்கணக்கில் ஆனது. மாத்திரைக்கு மாதாமாதம் போக வேண்டும், அன்றைய பீடிக் கூலி போச்சு. ஒரு தடவை ஒரு மாத்திரை இருப்பில் இல்லை, மறுநாளும் பஸ் ஏறினோம். மாத்திரையையாவது எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியிலேயே கொடுக்கலாம்.

கோர்ஸ் முடிந்து 12 வாரம் கழித்து மறுபடி பார்த்தார்கள். வைரஸ் இல்லை. கண் ஆபரேஷனும் ஆயிற்று.

தொண்ணூறுகளில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் ஒருமுறை டெஸ்ட் எடுத்துவிடுங்கள். போகும்போது ஆதாரும் பழைய ரிப்போர்ட்டும் வேண்டும். கல்லீரல் ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னால், சுகர் உள்ளவர்கள் அப்புறம் சாப்பிட பிஸ்கட் எடுத்துப் போங்கள்.