தூண்டிலுக்கு ஈயக்குண்டு வார்த்தல்: நான்கு ஆண்டு அனுபவம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செம்பனைத் தோட்டங்களை ஒட்டி வாழும் எங்களில் பலருக்கு, ஞாயிற்றுக்கிழமை என்றால் சுங்கை பிளஸ் ஆற்றங்கரைதான். நீரோட்டம் வலுவாக உள்ள இடத்தில் பாவுங் மீனுக்குத் தூண்டில் போட வேண்டுமானால் 60 கிராம் குண்டாவது கட்ட வேண்டும். இல்லையென்றால் இரை அடியில் நிற்காமல் ஓட்டத்தோடு போய்விடும். ஆற்றடியில் பாறையும் மூழ்கிய மரமும் நிறைய இருப்பதால், ஒரே நாளில் நான்கைந்து குண்டுகளைப் பறிகொடுப்பது வழக்கம். அப்போது கடையில் ஒன்று 2 வெள்ளி (ரிங்கிட்). பழைய இரும்புக் கடையில் ஒரு கிலோ ஈயத்தை நான் 7 வெள்ளிக்கு வாங்கினேன். அதில் பதினாறு குண்டு வார்க்கலாம். இந்தக் கணக்கை நம்பித்தான் 2021இல் வேலையைத் தொடங்கினேன்.

தொடங்குபவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஈயம் உருக்குவதைப் பற்றி இணையத்தில் தேடினால் கிடைக்கும் காணொளிகளில் பெரும்பாலானவை, சட்டம் இடம் கொடுக்கும் அயல்நாடுகளில் கைத்துப்பாக்கித் தோட்டாக்களை வீட்டிலேயே மறுநிரப்பு செய்பவர்கள் எடுத்தவை. உருக்குச் சட்டி, கரண்டி, கசடு நீக்கும் முறை ஆகியவை இரண்டு வேலைக்கும் பொது என்பதால் அவர்களிடமிருந்து நானும் கற்றுக்கொண்டேன். ஆனால் நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும், தண்டனையைக் கடுமையாக்கிய 1971ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. தோட்டா தொடர்பான எதையும் விளையாட்டாகக்கூடத் தொடக்கூடாது. நான் எழுதுவது, மலாய்க்காரர்கள் பத்து லாடோங் என்று சொல்லும் தூண்டில் குண்டைப் பற்றி மட்டுமே.

முதல் ஆறு மாதம் எரிவாயு அடுப்பில் இரும்புச் சட்டி வைத்து உருக்கினேன். ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகிவிடும் என்பதால் அடுப்பே போதும் என்று நினைத்தேன். உருகுவது எளிதுதான், சூட்டை ஒரே அளவில் வைத்திருப்பதுதான் கடினம். தீ கொஞ்சம் கூடினாலும் உருகிய ஈயத்தின் மேல் நீலமும் மஞ்சளுமாக ஆடை படியும், கசடு பெருகும். பிறகு வெப்ப அளவைத் திருகி வைக்கக்கூடிய மின் உருக்குச் சட்டி ஒன்றை 400 வெள்ளி கொடுத்து வாங்கினேன். அடியில் குழாய் வைத்த வகை அது. இரண்டாம் ஆண்டிலேயே குழாய் வாயில் கசடு சேர்ந்து, மூடிய பிறகும் சொட்டத் தொடங்கியது. எத்தனை முறை சுத்தம் செய்தாலும் சில வாரங்களில் மீண்டும் சொட்டும். இன்று புதிதாக வாங்குவதானால் குழாய் இல்லாத சட்டியும் நல்ல இரும்புக் கரண்டியும் போதும் என்பேன்.

அலுமினிய அச்சைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி உட்புறம் மெல்லிய கரி படியவிட்டு, சட்டியின் விளிம்பில் வைத்து நன்றாகச் சூடேற்றிய பிறகே வார்க்க வேண்டும். அச்சு சூடாகாமல் ஊற்றிய குண்டுகள் கிழவியின் கன்னம்போல் சுருங்கி வரும். முதல் நான்கைந்து எப்போதும் அப்படித்தான் வரும், அவற்றைச் சட்டியிலேயே போட்டுவிடலாம். அச்சு அளவுக்கு மீறிச் சூடானால் குண்டின் மேல் பனி படர்ந்ததுபோல் வெளுப்பு தெரியும். நான் ஈயத்தை 380 பாகை அளவில் வைத்துக்கொள்கிறேன். இந்த அளவில் வார்த்த குண்டு அச்சைத் திறந்ததும் வெள்ளிக் காசுபோல் மின்னிக்கொண்டு விழும். சில நாள்களில் அந்த மினுமினுப்பு மங்கிச் சாம்பல் நிறமாகிவிடும்.

ஈயம் வாங்கும்போது கவனம் தேவை. மோட்டார் பட்டறையிலிருந்து கிடைத்த, சக்கரம் ஆடாமலிருக்கப் பொருத்தும் சிறு எடைக்கட்டிகளைப் பிரித்துப் பார்க்காமல் போட்டு ஒருமுறை ஏமாந்தேன். இப்போது வரும் கட்டிகளில் துத்தநாகம் நிறைய இருக்கிறது. துத்தநாகம் 419 பாகையில்தான் உருகும். ஆனால் சட்டியின் சூடு கூடிய நேரத்தில் ஈயத்தோடு கலந்துவிட்டால், முழுச் சட்டியும் கஞ்சிபோல் குழைந்து அச்சில் சரியாக இறங்காது. மூன்று கிலோ வீணாயிற்று. இப்போது ஒவ்வொரு கட்டியையும் சிமெந்துத் தரையில் போட்டுப் பார்க்கிறேன்: ஈயம் தொப்பென்று விழும், துத்தநாகம் கணீரென்று ஒலிக்கும். வெட்டுக்குறடு ஈயத்தில் எளிதாக இறங்கும். பழைய கார் பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அதிலுள்ள அமிலமும் நச்சும் போதாதென்று, நம் நாட்டில் அது கட்டுப்படுத்தப்பட்ட கழிவும்கூட.

இந்த வேலையில் நான் மிகவும் அஞ்சுவது தண்ணீரைத்தான். 2022 நவம்பரில், இரவு முழுக்க மழை பெய்த மறுநாள் காலை, பசியாறுவதற்கு முன்பே சட்டியை ஏற்றிவிட்டேன். கொட்டகையில் கிடந்த வார்ப்புத் துண்டு ஒன்று தொட்டுப் பார்க்கக் காய்ந்தே இருந்தது. அதன் மடிப்புக்குள் ஈரம் இருந்தது எனக்குத் தெரியவில்லை. அதை உருகிய ஈயத்தில் இறக்கிய நொடியில் டப்பென்ற ஒலியோடு சட்டியில் பாதி மேலே பாய்ந்தது. தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,600 மடங்கு விரிவடைகிறது. ஈயத்துக்கு அடியில் அது அகப்பட்டால், மேலே உள்ளதை வீசி எறிந்துவிட்டுத்தான் வெளியேறும். முகக் கவசத்தில் கண்ணுக்கு நேரே மூன்று ஈயத் துளிகள் ஒட்டி உறைந்திருந்தன. அந்தக் கவசத்தை இன்னமும் மாற்றாமல் வைத்திருக்கிறேன். அன்று முதல் சட்டியில் சேர்க்கும் எதையும், அதன் விளிம்பில் வைத்துச் சூடேற்றிய பிறகே உள்ளே இறக்குகிறேன். மழை நாளில் உருக்குவதில்லை. நெற்றி வியர்வை சொட்டாமலிருக்கத் துண்டு கட்டிக்கொள்கிறேன். முழுக்கைப் பருத்திச் சட்டை, தோல் கையுறை, காலணி இல்லாமல், வெறும் சிலிப்பரோடு சட்டி அருகே போவதில்லை.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஈய நஞ்சு. புகைதான் கெடுதல் என்று எண்ணியிருந்தேன்; நான் உருக்கும் சூட்டில் எழும் ஈய ஆவி மிகக் குறைவு, கையில் ஒட்டும் தூசியும் கசடுப் பொடியும்தான் வாய் வழியாக உடலுக்குள் போகின்றன. 2023இல் ஈப்போவில் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டபோது, ஒரு டெசிலிட்டருக்கு 9 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது. 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்து நிறுத்த வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். குழந்தைகளுக்குப் பாதுகாப்பான அளவென்று ஒன்றே இல்லை. அப்போது என் பேத்தி தவழ்ந்துகொண்டிருந்தாள். “அப்பா, பாப்பாவைத் தூக்குறதுக்கு முன்னே குளிச்சிட்டு வாங்க,” என்று மகள் சொன்னாள். அதற்குப் பிறகு வேலைக்கென ஒரு சட்டை, அதைத் தனியாகத் துவைக்க ஒரு வாளி, கசடுக்கு மூடியுள்ள தகரடப்பா, துடைக்க ஈரத்துணி என்று எல்லாவற்றையும் பிரித்துவிட்டேன். கொட்டகையைப் பெருக்குவதே இல்லை. பெருக்கினால் தூசி பறக்கும். அடுத்த ஆண்டுப் பரிசோதனையில் அளவு 4ஆக இறங்கியிருந்தது. பேத்தியின் இரத்தத்தையும் பரிசோதித்தோம். அவளுக்கு ஒன்றுமில்லை என்று அறிந்த அன்றுதான் எனக்கு மூச்சு வந்தது.

சிறிய குண்டுகள் வார்ப்பதை நிறுத்திவிட்டேன். அன்னப் பறவைகள் அவற்றை விழுங்கிச் செத்ததால், பிரிட்டனில் 0.06 முதல் 28.35 கிராம் வரையிலான ஈயக்குண்டுகளின் விற்பனையை 1987இல் தடை செய்தார்கள். இங்கே பழைய வெள்ளீயச் சுரங்கக் குழிகளில் நீர் தேங்கிய குட்டைகளிலும் கொக்கும் நீர்க்கோழியும் மேய்கின்றன. ஓட்டமில்லாத அந்த நீரில் துருப்பிடிக்காத எஃகு நட்டு ஒன்றே போதும். எஃகு ஈயத்தைவிட எடை குறைவு என்பதால் கொஞ்சம் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான்.

பெரிய குண்டுகளுக்கும் உருண்டை அச்சை விட்டுத் தட்டையான அச்சுக்கு மாறியிருக்கிறேன். வேகமாகச் சுற்றினால் தட்டைக் குண்டு தண்ணீரில் மேலெழும்பி வருவதால் பாறை இடுக்கில் அதிகம் சிக்குவதில்லை. முன்பு நாளுக்கு நான்கைந்து இழந்த நான், சென்ற மூன்று ஞாயிறுகளிலும் சேர்த்து இரண்டைத்தான் ஆற்றில் விட்டு வந்தேன். இந்த ஆண்டு இதுவரை ஒரே ஒருமுறைதான் சட்டியை ஏற்றியிருக்கிறேன்.