மெக்கானிக்கல் முடித்தவர்களுக்கு: ஐ.டி.யா, கோர் வேலையா?

கேம்பஸில் எனக்கு இரண்டு ஆஃபர் வந்தன. ஒன்று சென்னை ஓ.எம்.ஆரில் ஐ.டி. சேவை நிறுவனம். மற்றது கோர், அதாவது படித்த துறையிலேயே வேலை: சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் டிரெய்னி. நான் ஒரகடத்துக்குப் போனேன். இன்று யார் கேட்டாலும் அந்தப் பக்கம்தான் கைகாட்டுவேன்.

ஏசி, ஷிப்ட், வெளிநாடு எல்லாம் தெரிந்ததுதான், அவற்றில் ஐ.டி.க்கே மேல்கை. ஆனால் சம்பளத்தைப் பெரிதாக நினைக்க வேண்டாம். பெரிய சேவை நிறுவனங்களில் புதியவர்களுக்கான தொகை பத்தாண்டுக்கும் மேலாக வருடத்துக்கு 3, 4 லட்சத்திலேயே நிற்கிறது.

நான் பார்த்தது வேறு: கற்ற வேலை எத்தனை வருடம் செல்லும்? ஐ.டி. சேவையில் நாம் எதைக் கற்பது என்பதை வாடிக்கையாளரின் ப்ராஜெக்ட்தான் முடிவு செய்கிறது. அது முடிந்தால் பெஞ்ச், அதாவது அடுத்த ப்ராஜெக்ட் வரும்வரை காத்திருப்பு, அப்புறம் வேறொரு தொழில்நுட்பம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வருமென்று அந்த வருடம் கல்லூரியில் சேர்ந்தவர்கள் யாரும் கணக்குப் போட்டிருக்க முடியாது. அனுபவம் காப்பாற்றும் என்றும் சொல்வதற்கில்லை. 2025இல் டிசிஎஸ் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது, அடி பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலையினருக்குத்தான்.

தொழிற்சாலையில் மாற்றம் மெதுவாக வரும். காரணம் முதலீடு. லட்சக்கணக்கில் கொட்டி வாங்கிய, கணினி கட்டளையில் ஓடும் சி.என்.சி. மெஷினைப் பத்து, பதினைந்து வருடம் ஓட்டாமல் எந்த முதலாளியும் கழற்ற மாட்டார். கன்ட்ரோலர் மாறினாலும் ஜி-கோடு என்ற மெஷின் கட்டளைகள், டாலரன்ஸ் என்ற அளவு வரம்பு, டிராயிங் படிப்பது எல்லாம் கூடவே வரும்.

அதற்காகக் கோர் என்றாலே பத்திரம் என்று நினைக்காதீர்கள். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா 2014இல் மூடியது. மறைமலைநகரில் ஃபோர்டு 2022இல் கார் தயாரிப்பை நிறுத்தியது. அதனால் கம்பெனியின் பெயரைவிட அங்கே செய்யும் பாகத்தைப் பாருங்கள். பிஸ்டன், வால்வு, சைலன்சர் மட்டுமே செய்கிற இடத்துக்கு மின்வாகனம் நேரடி ஆபத்து. பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் எந்த வண்டிக்கும் வேண்டும். மின்வாகனத்தில் பிரேக் பேடு மெதுவாகத்தான் தேயும், ஆனாலும் அது இல்லாமல் வண்டி இல்லை. நான் அங்கே சேர்ந்ததற்கு இதுவே பெரிய காரணம்.

ஐ.டி.யில் நான் வேலை பார்த்ததில்லை. நண்பர்கள் சொன்னதை வைத்தே எழுதுகிறேன். சொந்த மென்பொருள் செய்யும் ப்ராடக்ட் கம்பெனியில் ஆஃபர் கிடைத்தால் இந்தக் கணக்கு மாறலாம்.

கோர் இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள், உங்கள் லைனில் ஓடும் பாகத்துக்கு மின்வாகன ஆர்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். எச்.ஆருக்குத் தெரியாவிட்டாலும் ப்ரொடக்‌ஷன் ஆளுக்குத் தெரிந்திருக்கும்.