ஸ்டாரா, கொலுசுக் கணக்கா?

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு தவறாமல் வந்துவிடும்: பசங்களை எப்படிப் படிக்க வைப்பது? பிரம்பை முதலிலேயே ஓரங்கட்டிவிடலாம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அதைத் தடை செய்துவிட்டது. தடை இல்லாத காலத்தில் அடிவாங்கிப் படித்தவன் நான். பின்னம் எனக்குக் கல்லூரிக்குப் போன பிறகுதான் புரிந்தது.

மிச்சம் மூன்று வழிகள்: பரிசு, போட்டி, பிள்ளைக்குத் தெரிந்த உலகத்திலிருந்து பாடத்தைத் தொடங்குவது. சேலம் சிவதாபுரம் பக்கம் ஆறு வருடம், ஏற்காட்டில் மூன்று வருடம் கணக்கு நடத்தியதில் மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன்.

பரிசு மலிவானது. ஒரு சார்ட் பேப்பர், நாலு அட்டை ஸ்டிக்கர், நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். வாய்ப்பாடு ஒப்பித்தால் ஒரு ஸ்டார், பத்து ஸ்டாருக்கு ஒரு பேனா என்று ஏழாம் வகுப்பில் அறிவித்தேன். இரண்டே வாரத்தில் பாதி வகுப்பு 16-ஆம் வாய்ப்பாடு வரை வந்துவிட்டது. நானும் பூரித்துப்போனேன். அப்புறம் ஒருநாள் கொஞ்சம் யோசிக்க வேண்டிய கணக்கு ஒன்றைக் கரும்பலகையில் எழுதினேன். பின்வரிசையிலிருந்து கேள்வி வந்தது: "இதுக்கு எத்தனை ஸ்டார் சார்?" ஒன்றுதான் என்றதும் பேனாவை மூடி வைத்துவிட்டான். அவன் கணக்கு சரிதானே, வாய்ப்பாட்டுக்கும் ஒன்று, இதற்கும் ஒன்று!

அமெரிக்காவில் 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் மழலையர் பள்ளி ஒன்றில் இதையே பார்த்தார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள குழந்தைகளில் சிலரிடம் 'வரைந்தால் சான்றிதழ்' என்று முன்கூட்டியே சொன்னார்கள். அவர்கள் ஓரிரு வாரம் கழித்துத் தாமாக வரைந்த நேரம் மற்றவர்களைவிடக் குறைந்துபோனது. எதிர்பாராமல் அதே சான்றிதழைப் பெற்றவர்களுக்கு அந்தச் சரிவு இல்லை. அதற்காக ஸ்டார் சார்ட்டைக் கிழித்துப்போடத் தேவையில்லை. டெசி என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1999-இல் 128 ஆய்வுகளைத் தொகுத்தபோது, ஏற்கெனவே சலிப்பூட்டுகிற வேலையில் பரிசு ஆர்வத்தைக் கெடுப்பதாகத் தெரியவில்லை. வாய்ப்பாடு சலிப்பான வேலைதான், அதை மறைப்பானேன்?

போட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரேங்க் போட்டால் முதல் ஐந்து பேர் முண்டியடிப்பார்கள். மற்ற முப்பது பேருக்கு முடிவு முன்பே தெரியும். குழுவாகப் பிரித்து விளையாட விட்டால் சத்தம் நன்றாக இருக்கும், பதில் சொல்வது அதே ஐந்து பேர்தான்.

மூன்றாவது வழிக்கு வருகிறேன். சிவதாபுரம் பக்கம் வீட்டுக்கு வீடு வெள்ளிக் கொலுசு வேலை. சதவீதப் பாடத்துக்குப் புத்தகத்தில் இருந்த வங்கி வட்டியை விட்டுவிட்டு 'டச்'சில் தொடங்கினேன். நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்பதுதான் டச். 65 டச் கொலுசு 400 கிராம் இருந்தால் அதில் சுத்த வெள்ளி எவ்வளவு? வருடம் முழுக்க வாய் திறக்காத ஒரு பெண் 260 கிராம் என்று சொன்னதோடு விடவில்லை. "பட்டறையில சேதாரம் போவும் சார், அதைக் கழிக்க வேணாமா?" என்று கேட்டாள். எனக்குச் சேதாரக் கணக்கு தெரியாது. அவள் சொல்ல, நான் கரும்பலகையில் எழுதினேன். அன்றைக்கு மணி அடித்ததை யாரும் கவனிக்கவில்லை.

இதற்கும் ஒரு விலை உண்டு. முந்தைய நாள் மாலை முழுக்க அந்த ஒரு பாடத்துக்கே போனது. தறி ஓடும் வீட்டிலிருந்து வந்த நாலு பேர் டச் என்றால் என்னவென்றே தெரியாமல் விழித்தார்கள்.

ஏற்காட்டுக்கு மாற்றலானதும் இதே வித்தையைக் காப்பியோடு எடுத்துப்போனேன். ஆறு கிலோ பழத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கொட்டை என்று விகிதப் பாடம் தயார். பசங்கள் முகத்தில் ஈயாடவில்லை. சீசனில் லீவு நாள் பூராவும் அப்பா அம்மாவோடு தோட்டத்தில் பழம் பறிக்கிற பிள்ளைகள் அவர்கள். "இங்கயும் காப்பியா சார்?" என்றான் ஒருவன். வீட்டில் இருப்பதெல்லாம் பிள்ளைக்குப் பிடித்துவிடும் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். சரி, நீங்களே சொல்லுங்கள் என்றதும் பஸ் கணக்கு வேண்டும் என்றார்கள். 20 கொண்டை ஊசி வளைவில் பஸ் மணிக்கு 20 கிலோமீட்டரில் ஏறி, 30-இல் இறங்கினால் சராசரி வேகம் என்ன? வகுப்பே 25 என்றது. 24 என்று நான் எழுதியதும் சண்டைக்கு வந்துவிட்டார்கள். ஏறுவதற்குத்தானே அதிக நேரம் பிடிக்கிறது என்பதை அவர்களே கண்டுபிடிக்க இரண்டு பீரியட் ஆனது.

ஆக, புதிதாக வேலையில் சேர்ந்தவர் என்னிடம் கேட்டால் இப்படிச் சொல்வேன். வாய்ப்பாடு, சூத்திரம், சொல்வதெழுதுதலுக்கு ஸ்டார் சார்ட் போதும். கணக்கு புரிந்து போட வேண்டிய இடத்தில் அதை எடுக்காதீர்கள். அங்கே பிள்ளைக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்குங்கள், எதிலிருந்து என்பதை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் எல்லாப் பாடத்துக்கும் இப்படி நடத்த முடியாது. அரையாண்டுக்குள் போர்ஷனை முடித்தாக வேண்டும். நான் ஒரு பருவத்துக்கு மூன்று பாடம் தேர்ந்தெடுத்துக்கொள்கிறேன்: பெரும்பாலும் பின்னம், சதவீதம், விகிதம். மற்றவை சாக்பீஸும் கரும்பலகையுமாகத்தான் போகின்றன.