சகுராபாவா, ஒகாமியா? ஒரே உடம்பு, இரண்டு கணக்கு

ஒரு சண்டைக்காரரின் வாழ்க்கையை முதல் சண்டையிலிருந்து கடைசிச் சண்டைவரை வரிசை மாறாமல் பார்த்து முடிப்பது என்று ஒரு நாள் தோன்றியது. நாக்அவுட் தொகுப்புகளாகப் பார்த்துப் பார்த்துச் சலித்திருந்தது. ஆள் ஜப்பான்காரராக இருக்க வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமில்லை. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் எம்.எம்.ஏ.வுக்கு, அதாவது குத்து, உதை, மல்யுத்தம், பூட்டு எல்லாம் கலந்த சண்டைக்கு, தலைநகரம் என்றால் அது டோக்கியோதான். யாரை என்பதில்தான் இழுபறி. வடிகட்டியதில் இரண்டு பெயர்கள் நின்றன: கசுஷி சகுராபா, யூஷின் ஒகாமி. சகுராபாவை முதலில் எடுத்தேன். இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒரு சண்டை என்று சில மாதம் ஓடியது. முடித்த பிறகு மனசு கேட்காமல் ஒகாமியையும் பார்த்தேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சகுராபா கட்சி. ஆகவே கீழே வருவதில் தராசு கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்.

தகனோரி கோமியை ஏன் விட்டாய் என்று கேட்பார்கள். 2004இல் ரால்ஃப் கிரேசியை ஆறே வினாடியில் முழங்காலால் முடித்தவர், 2005 டிசம்பர் 31 அன்று ஹயாத்தோ சகுராயை வீழ்த்தி பிரைட் என்ற ஜப்பானிய எம்.எம்.ஏ. அமைப்பின் லைட்வெயிட் பட்டம் வாங்கியவர். பார்க்க அருமையான ஆள். ஆனால் 2006க்குப் பிறகான பாதி நீளமானது, அதில் ஏற்றத்தைவிட இறக்கம் அதிகம். அவருடைய நல்ல சண்டைகளை மட்டும் பொறுக்கி எடுத்துப் பார்ப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறேன். வரிசையாகப் பார்க்கும் வேலைக்கு அவர் வேண்டாம்.

சரி, சகுராபா. 1969இல் அகிதா மாகாணத்தில் பிறந்தவர், கல்லூரியில் அமெச்சூர் மல்யுத்தம். அங்கிருந்து போனது மேடை மல்யுத்தத்துக்கு, அதாவது முடிவு முன்னாலேயே தெரிந்த ஆட்டத்துக்கு. ஆனால் அவர் சேர்ந்த யு.டபிள்யூ.எஃப். இன்டர்நேஷனலில் பில்லி ராபின்சன் என்ற ஆங்கிலேயர் பழைய ‘கேட்ச்’ மல்யுத்தப் பூட்டுகளைச் சொல்லிக்கொடுத்தார். நிஜச் சண்டையில் அவரைக் காப்பாற்றியது அந்தப் பாடம்தான்.

1997 டிசம்பரில் யோக்கோஹாமாவில் யு.எஃப்.சி. என்ற அமெரிக்க எம்.எம்.ஏ. அமைப்பு நடத்திய ஹெவிவெயிட் போட்டி, கதை தொடங்கும் இடம். நூறு கிலோவைத் தாண்டிய மார்கஸ் சில்வேரா எதிரே. சகுராபா காலைப் பிடிக்கக் குனிந்ததை, அடி வாங்கி விழுகிறார் என்று நினைத்து நடுவர் சண்டையை நிறுத்திவிட்டார். அரங்கமே கொதித்தது. முடிவை ரத்து செய்தார்கள். இன்னொரு போட்டியாளர் கைக்காயத்தால் விலகவே, அதே இரவில் அதே இருவரும் மறுபடி மோதினார்கள். இந்த முறை சகுராபா கையைப் பூட்டி ஜெயித்தார். பிறகு மைக்கைப் பிடித்து, மேடை மல்யுத்தக்காரர்கள் உண்மையில் பலசாலிகள்தான் என்கிற தொனியில் ஒரு வார்த்தை சொன்னார். ஊரே ‘சும்மா நடிப்பு’ என்று சிரித்துக்கொண்டிருந்த ஒரு தொழிலின் மானம் அன்று அவர் தோளில் இருந்தது.

அதற்குப் பின் வந்தவை, ஜியு-ஜிட்சு என்ற பூட்டுக் கலைக்குப் பெயர்போன பிரேசிலின் கிரேசி குடும்பத்துச் சண்டைகள். 1999 நவம்பரில் ராய்லர், 2000 மே மாதம் ராய்ஸ், ஆகஸ்டில் ரென்ஸோ, டிசம்பரில் ரயன். நால்வரும் தோற்றார்கள். ராய்லருடைய கையையும் ரென்ஸோவுடைய கையையும் பூட்டிய பிடிக்குப் பெயர் கிமுரா. 1951இல் ரியோவின் மரகானாவில் மசஹிகோ கிமுரா என்ற ஜூடோக்காரர் ஹெலியோ கிரேசியின் கையை உடைத்தது அதே பிடியில்தான். பெயரும் அதனால் வந்ததுதான். ஹெலியோவின் மகன் ராய்லர், ரென்ஸோ அண்ணன் வழிப் பேரன். ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்து அதே பிடி, அதே குடும்பம், பிடிப்பவர் மறுபடி ஒரு ஜப்பான்காரர். எந்தக் கதாசிரியரும் இப்படி எழுதத் தயங்குவார்.

ராய்ஸுடன் நடந்தது டோக்கியோ டோமில், மே 1. நேரக்கட்டுப்பாடு கூடாது, நடுவர் நிறுத்தக் கூடாது என்று கேட்டு வாங்கியது கிரேசி தரப்பு. பதினைந்து நிமிடச் சுற்றுகள் ஆறு ஓடின. மொத்தம் 90 நிமிடம். காலில் வாங்கிய உதைகளால் ராய்ஸ் நிற்கவே தடுமாறி, தோல்வியை ஒப்புக்கொள்ளும் அடையாளமாக அவர் மூலைக்காரர்கள் துண்டை எறிந்தார்கள். உட்கார்ந்து 90 நிமிடமும் பார்க்க வேண்டும் என்றுதான் சொல்வேன். நடுவே சகுராபா ராய்ஸின் உடையைப் பிடித்து இழுத்து விளையாடுவார். மங்கோலியன் சாப் என்று இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி மேடை மல்யுத்த பாணியில் இறக்குவார். பயந்த ஆள் அப்படி விளையாட மாட்டான்.

இப்போது ஒகாமி. 1981இல் கனகாவா மாகாணத்தில் பிறந்தவர். இடக்கைக்காரர் நிலையில் நின்று, ஜாப் (முன்கையால் நேர்க்குத்து) விட்டு, கூண்டுக் கம்பியோடு சேர்த்து அழுத்தி, காலை வாரி, மேலே படுத்து நேரத்தைக் கழிப்பவர். 2006 முதல் 2013 வரை யு.எஃப்.சி.யில் 18 சண்டை, 13 வெற்றி. அந்த 13இல் 8 நடுவர்களின் தீர்ப்பால் கிடைத்தவை. மைக் ஸ்விக், மார்க் முன்யோஸ், நேட் மார்க்வார்ட் என்று அன்றைக்குப் பெயர் பெற்றவர்கள் தோற்றவர்கள் பட்டியலில் இருக்கிறார்கள். எவான் டேனரை முழங்காலால் சாய்த்த 2008 சண்டை போல ஒன்றிரண்டு தவிர, நண்பரைக் கூப்பிட்டு ‘இதைப் பாருடா’ என்று காட்ட எதுவும் கிடைக்காது. அவரை நான் குறை சொல்லவில்லை. வீட்டுக்கு அடித்தளம் போடுகிறவரின் வேலை மாதிரி, நன்றாகச் செய்தால் கண்ணில் படாத வேலை.

ஒரு விசேஷம் உண்டு. 2006 ஜனவரியில் ஹொனலூலுவில் ஒகாமி ஆண்டர்சன் சில்வாவை ஜெயித்தார். மண்டியிட்டிருந்த ஒகாமியைக் கீழே கிடந்த சில்வா தலையில் உதைத்தார்; அது விதிமீறல், சில்வா தகுதி நீக்கம். அதற்குப் பிறகு 2013வரை சில்வாவை யாரும் ஜெயிக்கவில்லை. ஆகவே 2011 ஆகஸ்டில் ரியோவில் சில்வாவின் யு.எஃப்.சி. மிடில்வெயிட் பட்டத்துக்காக மோதியபோது, ‘சில்வாவைக் கடைசியாக ஜெயித்தவர்’ என்ற அடைமொழியோடுதான் ஒகாமி கூண்டுக்குள் போனார். இரண்டாம் சுற்றில் முடிந்துவிட்டது. சில்வா கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நடந்துவந்த விதத்தைப் பார்த்தால், முடிவு வருவதற்கு முன்பே நமக்கு வயிற்றைப் பிசையும்.

இதுவரை சொன்னதை வைத்து ஆளைத் தேர்ந்தெடுக்க முடியாது. சகுராபா சுவாரசியம், ஒகாமி சீர் என்று சொல்லிவிட்டுப் போகலாம், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்கு விஷயத்தைத் தீர்த்துவைத்தது எடை.

இருவரும் ஏறத்தாழ ஒரே எடைக்காரர்கள். சகுராபா இயல்பாகவே 85 கிலோவைச் சுற்றி இருப்பவர். ஒகாமி சண்டையிட்ட யு.எஃப்.சி. மிடில்வெயிட் பிரிவின் வரம்பு 84 கிலோ. ஆனால் பிரைட் அமைப்பு ‘மிடில்வெயிட்’ என்று சொன்னது 93 கிலோவை. அந்தப் பட்டமே 2001 நவம்பரில்தான் வந்தது. அதற்கு முன்னால் யாரும் யாரோடும் மோதலாம் என்கிற கதை. சொல் ஒன்றுதான், லாஸ் வேகஸில் அதற்கு ஒரு கணக்கு, டோக்கியோவில் ஒன்பது கிலோ கூடுதலாக இன்னொரு கணக்கு. குத்துச்சண்டை பார்த்துப் பழகியவர்களுக்கு ஒன்பது கிலோ என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சகுராபாவின் கணக்கைப் படியுங்கள். 26 வெற்றி, 17 தோல்வி, ஒரு டிரா. ஒகாமியின் பட்டியலோடு பக்கத்தில் வைத்தால் இது சுமாரான கணக்கு. ஆனால் 2001 மார்ச்சுக்கு முன் அவர் தோற்றது இரண்டே முறை: 1996இல் கிமோவிடம், 2000இல் இகோர் வோவ்சான்சினிடம். இருவரும் ஹெவிவெயிட்காரர்கள். வோவ்சான்சினோடு மோதியது, ராய்ஸோடு 90 நிமிடம் கழித்த அதே இரவில்! பதினைந்து நிமிடம் ஈடுகொடுத்த பிறகு அவர் மூலைக்காரர்களே போதும் என்று நிறுத்தினார்கள்.

அதற்குப் பின் 2001 முதல் 2005 வரை ஏழு தோல்விகள். வாண்டர்லே சில்வாவிடம் மூன்று, மிர்கோ குரோ காப், ரொஜேரியோ நொகேய்ரா, ரிக்கார்டோ அரோனா ஆளுக்கொன்று. நினோ ஷெம்ப்ரியிடம் வாங்கிய ஒன்றைத் தவிர மற்ற ஆறும் 93 கிலோ பிரிவிலோ அதற்கு மேலோ சண்டையிட்டவர்களிடம். முதல் வாண்டர்லே சண்டை, 2001 மார்ச், சைத்தாமா: 98 வினாடி. இரண்டாவதில் காறை எலும்பு முறிந்தது. குரோ காப்போடு மோதியபோது கண்குழி எலும்பு. ஒவ்வொரு சண்டைக்கும் முழங்காலில் சுற்றிய வெள்ளை டேப் கனமாகிக்கொண்டே போவதை வரிசையாகப் பார்ப்பவர்களால்தான் கவனிக்க முடியும்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். எடை எப்போதும் அவருக்கு எதிராகவே இருந்ததில்லை. ராய்லர் கிரேசி அவரைவிட நிறையவே இலேசானவர். அந்த வெற்றியைக் கொண்டாடும்போது இதைச் சத்தமில்லாமல் விட்டுவிடுகிறார்கள். ராய்லர் தோற்றேன் என்று கையால் தட்டவும் இல்லை, நடுவராக நிறுத்தியதுதான். மறுபக்கம், தன்னைவிடக் கனமான குவின்டன் ஜாக்சன் தூக்கித் தூக்கித் தரையில் போட்டதைத் தாங்கி, கழுத்தை நெரித்து ஜெயித்ததும் இதே சகுராபாதான்.

அவருக்கேற்ற 85 கிலோ பிரிவு ஹீரோஸ் என்ற இன்னொரு ஜப்பானிய அமைப்பின் போட்டியில் கிடைத்தது 2006இல். அப்போது வயது 37. அங்கே முதல் சண்டையில் லித்துவேனியாக்காரர் ஸ்மிர்னோவாஸ் அடித்த அடியில் கயிற்றோடு ஒட்டி நினைவே தப்பியது போல இருந்தார். நடுவர் நிறுத்தவில்லை. எப்படியோ மீண்டு, கையைப் பூட்டி ஜெயித்தார். அதை வீரம் என்று ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்த இரவு பாதியில் நிறுத்தி எழுந்துபோய், மறுநாள்தான் மீதியைப் பார்த்தேன்.

ஒகாமியிடம் இந்த அவஸ்தை இல்லை. 188 சென்டிமீட்டர் உயரத்தோடு 84 கிலோவுக்கு இறங்கிவந்து மோதியவர் அவர்; பெரும்பாலும் பெரிய உடம்பு அவருடையதுதான். அதனால் அவர் பட்டியலில் இருக்கும் எண்கள் சொல்வதை அப்படியே நம்பலாம். நம்பலாம் என்பதால்தான், என் பார்வையில், எண்களைப் படித்தாலே பாதி பார்த்த மாதிரி. சகுராபாவின் எண்களை நம்ப முடியாது, கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

ஒகாமி ஒரே ஒரு தடவை சகுராபா செய்ததைச் செய்து பார்த்தார். 2017 செப்டம்பர், அதே சைத்தாமா அரங்கம். அதற்குள் 77 கிலோ பிரிவுக்கு இறங்கியிருந்தவரை, காயத்தால் விலகிய இன்னொருவருக்குப் பதிலாகச் சில நாள் அவகாசத்தில் 93 கிலோவில் ஓவின்ஸ் செயின்ட் ப்ரூவோடு மோத அழைத்தார்கள். ஒப்புக்கொண்டார். இரண்டு நிமிடம்கூட ஓடவில்லை. வாண்டர்லேயின் 98 வினாடியையும் இதையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். பிரைட் காலத்தில் சகுராபா வருடம் முழுக்க என்ன செய்துகொண்டிருந்தார் என்பது அப்போதுதான் உறைக்கும்.

நான் பாயில் உருண்டு பழகியவன் அல்ல. திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவன் மட்டும். கூண்டோரம் ஒகாமி தரும் அழுத்தம் எவ்வளவு சோர்வைத் தரும் என்பதை மல்யுத்தம் பழகியவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள், அவர்கள் கணக்கில் தராசு மறுபக்கம் சாயலாம். நீங்களே பயிற்சி எடுப்பவர் என்றால் ஒகாமியிடம் கற்றுக்கொள்ளவும் நிறைய கிடைக்கும். 2012இல் டிம் போட்ச்சிடம் இரண்டு சுற்று முன்னிலையில் இருந்து மூன்றாவதில் விழுந்த சண்டையை மட்டுமாவது பாருங்கள். சீராகப் போகிற ஆள் எந்த இடத்தில் உடைவார் என்று தெரியும்.

சகுராபாவை எடுப்பவர்களுக்கு: 1997 முதல் 2001 ஜூலைவரை ஒன்றுவிடாமல், அதுவும் கிரேசி சண்டைகளை இரண்டு தடவை. 2001 நவம்பர் முதல் 2005 வரை, உங்கள் மனசு தாங்குகிற அளவு. பிறகு 2007 டிசம்பர் 31 அன்று மசகட்சு ஃபுனாகியை ஜெயித்தது, அதே கிமுராவில். 2017இல் யு.எஃப்.சி. தன் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்த இரவையும் பார்க்கலாம்.

2015 டிசம்பரில் ஷின்யா ஆவோக்கியோடு மோதியது ஒன்று பாக்கி. ஆவோக்கி பெயர் வாங்கியது 70 கிலோ பிரிவில். கடைசியில் எடை சகுராபா பக்கம் வந்திருந்தது, ஆனால் வயது 46. முதல் சுற்றிலேயே அவர் மூலையிலிருந்து துண்டு வந்தது என்று தெரியும். அந்த வீடியோவை எடுத்துவைத்திருக்கிறேன், இன்னும் திறக்கவில்லை.