ஹம்மிங்கை நிறுத்துகிறேன் என்று எர்த் ஒயரை வெட்டிய ஆம்ப்ளிஃபயர் சர்வீஸ்

என் வீட்டு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரில் இரண்டு குறைகள் இருந்தன. கணினியோடு இணைத்தால் விடாமல் ஹம்மிங் (‘ம்ம்ம்’ என்ற இரைச்சல்) கேட்டது. இடது பக்கத்து ஒலி அவ்வப்போது அறுந்து, வால்யூமைக் கூட்டினால் திரும்ப வந்தது. எங்கள் ஊரில் பல ஆண்டுகளாக நடக்கும் ஒரு கடையில் கொடுத்தேன். ரிலேயை (ஸ்பீக்கரை இணைத்துத் துண்டிக்கும் தானியங்கி சுவிட்சை) மாற்றி, எர்த் கோளாறையும் சரிசெய்துவிட்டதாகச் சொல்லி 3,200 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டில் பெட்டியைத் தொட்டபோது விரலில் சுருக்கென்றது. அதை நான் பொருட்படுத்தாமல் விட்டது பெரும் தவறு. மூன்றாவது வாரம், பாட்டு ஓடிக்கொண்டிருக்கையில் இடது ஸ்பீக்கரின் கூம்பு ஒரே உந்தலில் முன்னால் வந்து அப்படியே நின்றது. வார்னிஷ் கருகும் நாற்றத்தோடு புகை கிளம்பியது.

மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பழைய ரிலேயே இருந்தது. அதன் காண்டாக்ட் கால்களுக்குக் குறுக்கே, போர்டின் அடிப்பக்கத்தில், தடித்த செம்புக் கம்பியை வைத்துச் சால்டர் செய்திருந்தார்கள். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒயர் இழை சுற்றியிருந்தது. மெயின்ஸ் கேபிளின் பச்சை ஒயர், அதாவது எர்த், வெட்டப்பட்டு, டேப் சுற்றி ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தது.

ஸ்பீக்கரை இயக்கும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் ஒன்று முழு ஷார்ட். அதன் எதிர்ஜோடி உடல் பிளந்து கிடந்தது. ஸ்பீக்கர் முனையில் 46 வோல்ட் டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) காட்டியது. இப்படி டிசி வந்தவுடன் ஸ்பீக்கரைத் துண்டிப்பதுதான் புரொடெக்ஷன் ரிலேயின் வேலை. அன்றும் அது விடுபட்டுத்தான் இருந்தது, ஆனால் மின்னோட்டம் கம்பி வழியாகப் போய்விட்டது. ஸ்பீக்கர் காயிலின் தடை ஏறத்தாழ 6 ஓம் என்றால் அதில் பாய்ந்தது 7 ஆம்பியருக்கும் மேல். அங்கே முறையான ஃபியூஸ் இருந்திருந்தால் அது எரிந்து, ஸ்பீக்கர் பிழைத்திருக்கக்கூடும்.

ஹம்மிங்குக்குக் காரணம் பெரும்பாலும், கணினியும் ஆம்ப்ளிஃபயரும் தனித்தனி வழியில் எர்த்தோடு இணைவதால் உருவாகும் வளையம் (கிரவுண்ட் லூப்). அதை முறையாகச் சரிசெய்யாமல் எர்த்தை வெட்டியதால் ஹம்மிங் நின்றது உண்மை; ஆனால் டிரான்ஸ்பார்மரின் இன்சுலேஷன் ஒருநாள் பழுதானால், பெட்டியில் ஏறும் 230 வோல்ட் தொடுகிறவரின் உடல் வழியாகத்தான் இறங்கும். என் மகள்தான் தினமும் அதை ஆன் செய்கிறவள்.

கடைக்காரர், “எல்லாருக்கும் இப்படித்தான் செய்து கொடுக்கிறோம், சார்” என்றார். பணம் திரும்பவில்லை. அந்தப் பதில்தான் என்னை இதை எழுதவைத்தது.

சர்வீஸிலிருந்து செட் வந்தால், மாற்றியதாகச் சொல்லும் பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். பிளக்கைச் சுவரில் செருகும் முன், அதன் எர்த் பின்னுக்கும் பெட்டியின் பெயின்ட் இல்லாத திருகுக்கும் இடையே மல்டிமீட்டரில் தடையைப் பாருங்கள். 1 ஓமுக்குள் இருக்க வேண்டும். பிறகு ஸ்பீக்கரை இணைக்காமல் ஆன் செய்து, சில விநாடிகளில் ரிலே ‘டிக்’ என்று ஒட்டும் சத்தத்தைக் கேளுங்கள். ஆனாலும் கம்பி போட்ட ரிலேயும் அதே சத்தம் போடும் என்பதால், ஒட்டுவதற்கு முன் அதன் காண்டாக்ட் திறந்திருக்கிறதா என்பதைத் தெரிந்தவரை வைத்துச் சோதிப்பதே உறுதி. கடைசியாக ஸ்பீக்கர் முனைகளில் டிசியை அளந்து, 50 மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஸ்பீக்கரை இணைக்காதீர்கள்.

கடைக்காரரோடு நான் பேசிக்கொண்டிருந்தபோது அவருடைய மேசையில், பச்சை ஒயர் வெட்டப்பட்ட இன்னொரு ஆம்ப்ளிஃபயர் டெலிவரிக்குத் தயாராக இருந்தது. யாருடையது என்று கேட்டேன்; சொல்லவில்லை.