சிங்கிள் பின் சைட் வாங்குறீங்களா? கடையில் ஒட்டித் தரும் டேப்பை நம்பிக் காட்டுக்குள் போகாதீங்க

மிச்சிகனில் வில்லால் மான் வேட்டையாடும் சீசன் அக்டோபர் 1-ம் தேதி திறக்கிறது. டெட்ராய்ட் பக்கம் இருக்கும் நம்மவர்கள் யாராவது காம்பவுண்ட் வில்லுக்கு (முனைகளில் கப்பி வைத்த நவீன வில்) சிங்கிள் பின் சைட், அதாவது ஒரே ஒரு குறிமுள் உள்ள குறிபார்க்கும் கருவி, வாங்கும் யோசனையில் இருந்தால், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். 300 டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டு, யாரோ திருப்பிக் கொடுத்த சைட்டைப் புதுசு என்று என் தலையில் கட்டினார்கள். அது போதாதென்று அதன் டயலில் தப்பான தூர டேப்பையும் ஒட்டி, "எல்லாம் ரெடி, இனி மான் வரவேண்டியதுதான் பாக்கி" என்று அனுப்பிவைத்தார்கள். புகார் இன்னும் முடியவில்லை, அதனால் கடை பெயர் வேண்டாம்.

(வேட்டையா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊரில் 1972 வனவிலங்குச் சட்டம், அதன் 1991 திருத்தம் இரண்டோடும் இந்தப் பேச்சே முடிந்துபோனது. இங்கே லைசென்ஸ், சீசன், எத்தனை மான் என்ற கணக்கு எல்லாம் உண்டு. 1960-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பையும் முடித்திருக்க வேண்டும்.)

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஐந்து பின் சைட்டில் 20, 30, 40 யார்டு என்று ஒவ்வொரு தூரத்துக்கும் ஒரு பின் நிற்கும். மான் எதிரே நிற்கும் பதற்றத்தில் எந்தப் பின் என்று குழம்பும். சிங்கிள் பின்னில் ஒன்றே ஒன்றுதான். தூரத்தைப் பார்த்து டயலைத் திருப்பினால் அந்தப் பின் கீழே இறங்கும். டயல் விளிம்பில் யார்டு கோடுகள் அச்சிட்ட டேப் ஒட்டியிருக்கும். ஆக, உயிர்நாடி அந்த டேப்தான். வேகமான வில்லுக்குக் கோடுகள் நெருங்கி இருக்கும், மெதுவான வில்லுக்கு விலகி இருக்கும். அதனால்தான் பெட்டியோடு ஓர் அட்டையில் ஒரு கட்டு டேப் வரும், நம் வில்லுக்குப் பொருந்துவதைத் தேடி எடுக்க வேண்டும்.

கடைக்காரர் அப்படித் தேடவே இல்லை. வில்லின் விளம்பரத்தில் போட்டிருந்த வேகம் நொடிக்கு 335 அடி. அதைப் பார்த்து ஒரு டேப்பை உரித்து ஒட்டினார். அந்த விளம்பர வேகம் எப்படி எடுப்பது? 70 பவுண்டு இழுவை, 30 இன்ச் இழுப்பு நீளம், 350 கிரெய்ன் எடையுள்ள அம்பு. எனக்கு 60 பவுண்டு, 27.5 இன்ச், 430 கிரெய்ன். "க்ரோனோகிராஃப்ல ஒருதடவை பார்த்துடலாமே" என்று, அம்பின் வேகம் அளக்கும் கருவியைச் சொல்லிக் கேட்டதற்கு, "தேவையே இல்லை, இதுதான் என் தொழில்" என்று பதில். பிறகு வேறு இடத்தில் அளந்தபோது 256 அடிதான் வந்தது.

இதில் கெட்டிக்காரத்தனம் எங்கே என்றால், கடைக்குள் அம்பு எய்து பார்க்கும் லேன் 20 யார்டுதான். 20-க்குச் சைட்டைச் சரிபண்ணிவிட்டால் எந்த டேப்பை ஒட்டினாலும் 20-ல் அம்பு நடுவில்தான் போய்க் குத்தும். வாடிக்கையாளர் சந்தோஷமாகக் கார்டைத் தேய்த்துவிட்டுப் போவார். திறந்தவெளிப் பயிற்சித் தளத்தில் டயலை 30-க்குத் திருப்பினேன், நாலு விரல் கீழே. 40-க்குத் திருப்பினேன், ஒரு சாண் கீழே. அத்தனை அம்பும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குத்தியிருந்தன, ஆகவே கை நடுக்கம் என்று சொல்ல வழியில்லை. வெள்ளைவால் மானின் நெஞ்சில் இதயமும் நுரையீரலும் இருக்கும், குறிவைக்க வேண்டிய பகுதியே எட்டிலிருந்து பத்து இன்ச்தான். நடுவில் குறிவைத்து ஒரு சாண் கீழே போனால் அம்பு காற்றில் போகும், இல்லையென்றால் முன்னங்காலை உடைக்கும். கால் உடைந்த மான் ராத்திரி முழுக்க எங்கேயோ கிடந்து சாகும். பணத்தைவிட எனக்குக் கோபம் வந்தது இதற்குத்தான்.

அன்றைக்குத் தளத்தில் இருந்த டிராய் ஊர் அண்ணன் ஒருவர் வில்லை வாங்கி, சைட் கூட்டை (பின்னைச் சுற்றியிருக்கும் வளையத்தை) இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தார். லொடலொட என்று ஆடியது. "தம்பி, இது புதுசு இல்ல. டயல் ஓரத்தைத் தடவிப் பாரு" என்றார். என் டேப்புக்கு அடியில் பழைய டேப்பின் பசை பிசுபிசுவென்று இருந்தது. அறுகோணக் குழி உள்ள அலன் திருகுகளில் இரண்டு தேய்ந்து வட்டமாகியிருந்தன. வீட்டுக்கு வந்து பெட்டியில் இருந்த டேப் அட்டையை எடுத்துப் பார்த்தால், உரித்த இடம் இரண்டு. ஒன்று என்னுடையது. இன்னொன்று யாருடையது?

இதைக் கேட்டதும் கடையில் பேச்சே மாறிவிட்டது. முதலில் ஃபேக்டரியிலேயே அப்படித்தான் வரும் என்றார். அப்புறம் வில்லில் மாட்டிய சைட்டைத் திருப்பி எடுப்பதில்லை என்று சுவரில் இருந்த போர்டைக் காட்டினார். கடைசியில் "நீங்கதான் நாணை வெடுக்குன்னு விடுறீங்க" என்று பழியை என் மேலேயே போட்டார்.

வாங்குகிறவர்கள் பெட்டியைக் கவுண்டரிலேயே திறக்கச் சொல்லுங்கள். டேப் அட்டை முழுசாக இருக்கிறதா, கூடு ஆடுகிறதா, டயல் பூட்டைப் போட்ட பிறகும் நகர்கிறதா என்று பாருங்கள். பூட்டு சரியில்லாத டயல், மரத்தில் ஏறும்போது ஜாக்கெட் உரசினாலே 20-லிருந்து 30-க்கு ஓடிவிடும். டேப்பை மட்டும் யாரையும் ஒட்டவிடாதீர்கள். வெற்று வெள்ளை டேப்பை ஒட்டி, 20-ல் சரிபண்ணிக் கோடு போடுங்கள். அப்புறம் 60-ல், இடமில்லாவிட்டால் 40-ல், நடுவில் குத்தும்வரை டயலைத் திருப்பி இன்னொரு கோடு. அந்த இரண்டு கோட்டுக்கும் எந்த அச்சு டேப் பொருந்துகிறதோ அதுதான் உங்கள் வில்லின் டேப். அம்பின் எடையை மாற்றினாலோ, பீப்பை (நாணில் கண் வைத்துப் பார்க்கும் சிறு வளையத்தை) ஏற்றி இறக்கினாலோ திரும்பவும் முதலிலிருந்து.

சிங்கிள் பின் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. இந்த அடர்ந்த காட்டில் 30 யார்டுக்கு மேல் மானைத் தெளிவாகப் பார்ப்பதே அபூர்வம். 25-ல் வைத்துப் பூட்டினால் என் வில்லுக்கு 20-ல் இரண்டு இன்ச் மேலே, 30-ல் மூன்று இன்ச் கீழே, அவ்வளவுதான் வித்தியாசம். டயலைத் தொடவே வேண்டாம்.

டேப் அட்டை, பசை, திருகு மூன்றையும் படமெடுத்துக் கார்டு வங்கிக்கு அனுப்பினேன். சைட்டின் விலை திரும்ப வந்துவிட்டது. சைட்டை வில்லில் மாட்டிய கூலி மட்டும் நிற்கிறது. பில்லில் "டேப் பொருத்தியது" என்று தனி வரியாகப் போட்டு அதற்கும் காசு வாங்கியிருக்கிறார்கள், அந்த வரியை வைத்துத்தான் இப்போது வங்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் இதே பதிவில் சேர்க்கிறேன்.