படமாக வந்த பயணச்சீட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள்

மட்டக்களப்பிலிருந்து இரவுப் புகையிரதத்தில் கொழும்புக்குச் செல்ல இடைத்தரகரிடம் ஆசனம் தேடுபவர்கள், எனக்கு நேர்ந்ததை வாசித்த பின்னர் முடிவெடுங்கள்.

அம்மாவின் கண் சிகிச்சைக்குத் திகதி கிடைத்தபோது ஒரு வாரமே இருந்தது. அம்பாறை மாவட்டத்துக்குப் புகையிரதம் இல்லாததால், கல்முனையில் இருக்கும் நாங்கள் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் பேருந்தில் வந்துதான் ஏற வேண்டும். ஆசனப் பதிவு 30 நாட்களுக்கு முன்பே திறக்கப்படுவதால் இடங்கள் எல்லாம் தீர்ந்துவிட்டிருந்தன. இரண்டு ஆசனங்கள் இருப்பதாகச் சொன்ன ஒரு கடைக்காரரிடம் இருமடங்கு விலை கொடுத்தேன். வட்ஸ்அப்பில் சீட்டின் படம் வந்தது. ஆசன இலக்கங்கள் சிவப்பு வட்டமிடப்பட்டுப் பளிச்சென்று தெரிந்தன. அடையாள அட்டை இலக்கம் இருக்க வேண்டிய பகுதியோ வெட்டப்பட்டிருந்தது. அவசரத்தில் அதை நான் பொருட்படுத்தவில்லை.

ஏறாவூரில் ஏறிய தம்பதியர் அதே இலக்கங்களைக் காட்டினார்கள். பரிசோதகர் அவர்களின் அடையாள அட்டைகளை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா, இந்த ஆசனம் இவங்கட பேரிலதான் பதிவாகியிருக்கு" என்று தணிந்த குரலில் சொன்னார். கட்டணமும் தண்டமும் செலுத்தினோம். வெலிக்கந்தையில் ஒரு பிள்ளை எழுந்து இடம் தரும்வரை, கண்ணில் நீர் வடிய, அம்மா பயணப்பையின் மேல் அமர்ந்திருந்தார். அந்தக் காட்சி என் மனதைவிட்டு அகலவில்லை.

கெட்டி அட்டைச் சீட்டுக் காலத்தில் ஒரு சீட்டை ஒருவர்தான் கையில் வைத்திருக்க முடியும். படமோ எத்தனை பேருக்கும் போகும். அதற்காகப் பழைய முறைக்குத் திரும்பச் சொல்லவில்லை. இணையப் பதிவு எங்களைப் போன்ற தூரத்து ஊரவர்களுக்குத் தேவையானதே. ஆனால் சீட்டு உண்மையானதா, யாருடைய அடையாள அட்டைக்கு உரியது என்பதை வாங்குபவரே பணம் கொடுக்குமுன் சரிபார்க்க வழி வேண்டும். பயணத்தைக் கைவிடுபவரின் ஆசனம் தரகரிடம் போகாமல் மீண்டும் பதிவுக்கே திரும்ப வேண்டும். மலையகச் சுற்றுலா ஊரான எல்லவுக்குச் செல்லும் புகையிரதச் சீட்டுகளைக் கூடிய விலைக்கு விற்றது தொடர்பில் 2025 ஜனவரியில் கைதுகள் நடந்த பின்னரும் இந்த மாற்றங்கள் நம் மட்டக்களப்புப் பாதையில் அவசரமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

வேறொருவர் மூலம் பதிவு செய்வதானால், உங்கள் அடையாள அட்டை இலக்கத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் உங்கள் கண்முன்னே பதியச் சொல்லுங்கள். சீட்டு முழுமையாக உங்கள் தொலைபேசிக்கு வரும்வரை ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். என் பணம் இன்னும் திரும்பவில்லை. வெட்டப்பட்ட அந்தப் படத்தைப் பொலிஸ் முறைப்பாட்டுடன் இணைத்திருக்கிறேன்.